உத்தியும் பெருந்திட்டமும்

ஒரு மோதலில் வெல்லும் வழி உத்தி; அவ்வெற்றி எதற்கு என்னும் தெளிவே பெருந்திட்டம். எங்கள் வாழப்பாடியைச் சூழ்ந்த சேலம் சீமையே இதற்குச் சான்று. 1768ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே கோட்டை கோட்டையாகப் பிடித்தனர். ஒவ்வொன்றும் உத்தியின் வெற்றிதான். ஆயினும், கோட்டைதோறும் காவல் நிறுத்தியதால் அவர்தம் படை சிதறியது. ஐதர் அலியோ கணவாய்கள் வழியே இறங்கி, அவற்றுட் பலவற்றை மீட்டார். பின்னர், 1769 மார்ச்சில், எதிரியின் பெரும்படையை எட்டத்தில் விட்டுவிட்டு, குதிரைப்படையுடன் சென்னையின் வாயிலிலேயே தோன்றினார். கும்பினியார் உடன்படிக்கைக்கு இணங்கினர்.

சிறுவனாய் இதைப் படித்தபோது குதிரைகளின் வேகமே என்னை மயக்கியது. அவ்வேகத்தைச் சமாதானத்துக்குப் பயன்படுத்திய தெளிவையே இன்று நான் வியக்கிறேன். உங்கள் வேகம் எதற்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.