டிசம்பரிலேயே கேட்க வேண்டிய சாலை

சொத்து வரி கட்டியதும் கையில் கிடைக்கும் ரசீதில் மொத்தத் தொகையைத் தாண்டி யாரும் அதிகம் படிப்பதில்லை. நிதானமாகப் பார்த்தால் அதில் 'நூலக வரி' என்று ஒன்று இருக்கும். 1948-ல் அன்றைய சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் பிள்ளை அது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு. 2,000 ரூபாய் வரி கட்டும் வீடு, கூடவே 200 ரூபாயை நூலகத்துக்காகவும் கட்டுகிறது. நகராட்சி அதை வசூலித்து நூலகத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். தெருக்கோடியில் உள்ள கிளை நூலகம் வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்தால், "ஏன்?" என்று கேட்கும் உரிமையை அந்த 200 ரூபாய் தருகிறது.

இப்படிச் சேரும் பணம் எங்கே போகிறது, எந்தத் தெருவுக்குச் சாலை, எந்தத் தெருவுக்கு 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்ற பதில் என்பதையெல்லாம் முடிவு செய்யும் ஆவணம், நகராட்சியின் ஆண்டு வரவு செலவுத் திட்டம். மாநில பட்ஜெட்டைத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்கும் குடும்பங்களில்கூட, சொந்த ஊர் நகராட்சியின் பட்ஜெட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் அபூர்வம். வீட்டு வாசலை வந்து தொடுவதோ இந்த இரண்டாவது பட்ஜெட்தான். குப்பை வண்டி, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, மழைநீர் வடிகால், சுடுகாட்டுத் தகன மேடை என எல்லாமே இதற்குள் அடங்கும்.

முக்கியமான விஷயம், காலம். நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. அதற்கு முன்பே மன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றியாக வேண்டும். அலுவலகத்தில் கணக்குப் பிரிவும் பொறியியல் பிரிவும் உட்கார்ந்து 'அடுத்த ஆண்டுக்கு என்னென்ன வேலை' என்று பட்டியல் போடுவது அதற்கும் சில மாதங்கள் முன்னதாக, டிசம்பரையும் ஜனவரியையும் ஒட்டி. மக்கள் மனுவோடு வருவதோ ஜூலையில், சாலையில் தண்ணீர் தேங்கிய பிறகு. அப்போது ஆணையரே மனது வைத்தாலும் "இந்த ஆண்டு இதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை" என்ற பதில்தான் வரும். அது பெரும்பாலும் பொய்யும் அல்ல. கேட்கும் மாதம் தவறிப்போனதுதான் கோளாறு.

சரியான மாதத்தில் கேட்பதற்குச் சட்டம் ஓர் இடத்தையும் ஏற்படுத்தியிருக்கிறது. 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிட்டது. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் முழு வடிவம் பெற 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு உண்டு. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு 'பகுதி சபை'யும் உண்டு. அந்தப் பகுதியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தனியாகச் சேரத் தேவையில்லை. ஊராட்சியில் கிராம சபை எப்படியோ, நகரத்தில் பகுதி சபை அப்படி. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று இந்தக் கூட்டங்கள் தொடங்கின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார்.

பகுதி சபைக்கு ஆண்டில் நான்கு நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன: ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம், ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள், செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள், டிசம்பர் 10 மனித உரிமைகள் தினம். இவற்றில் டிசம்பர் கூட்டமும் ஜனவரி கூட்டமும் பட்ஜெட் தயாராகும் நேரத்தில் வருகின்றன. காலண்டரில் வட்டம் போட வேண்டிய இரண்டு தேதிகள் இவை. சாலை, வடிகால், விளக்கு என்று தேவையை வரிசைப்படுத்தி எழுத்தில் கொடுத்து, அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, தீர்மானத்தின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் மார்ச்சில் பேச ஓர் ஆதாரம் இருக்கும். கூட்டத்தில் எழுந்து ஆவேசமாகப் பேசிவிட்டு வந்தால் கைத்தட்டல் கிடைக்கும், கோப்பில் எதுவும் ஏறாது.

பல வார்டுகளில் இந்தக் கூட்டம் நடப்பதே மக்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்கள் மட்டும் வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, டீ குடித்துக் கலையும் கூட்டத்தால் ஊருக்கு என்ன பயன்? எந்த இடம், எந்த நேரம் என்பதை ஒரு வாரம் முன்பே கவுன்சிலரிடமும் நகராட்சி அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொண்டு, தெரு வாட்ஸ்அப் குழுவில் போடும் ஒரே ஒரு ஆள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தால் கூட்டத்தின் முகமே மாறிவிடும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலம் எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தமிழ்நாட்டு நகரங்கள் அனுபவித்தே அறிந்தன. 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த வாக்குப்பதிவு 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. 12,800-க்கும் மேற்பட்ட வார்டு உறுப்பினர் பதவிகள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காலியாகவே கிடந்தன. அந்த ஆண்டுகளின் பட்ஜெட்டுகளை எல்லாம் தனி அலுவலர்களே தீர்மானித்தார்கள். அவர்களில் நல்லவர்கள் உண்டு, திறமைசாலிகள் உண்டு. ஆனாலும் 'எங்கள் தெருவுக்கு ஏன் போடவில்லை' என்று அவர்களை வழிமறித்துக் கேட்க ஓட்டு என்ற ஆயுதம் மக்கள் கையில் இல்லை. அடுத்த தேர்தல் தள்ளிப்போகுமா என்பது கட்சிக்காரர்களின் கவலை மட்டும் அல்ல.

பட்ஜெட் புத்தகம் கையில் கிடைத்தால் எங்கிருந்து படிப்பது? எண்களின் கூட்டத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே மூன்று வகைத் தொகைகள் இருக்கும்: முந்தைய ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான உத்தேச மதிப்பீடு. செய்தித்தாளில் வருவது மூன்றாவது. ஊரின் உண்மை நிலை தெரிவது முதலாவதில். எடுத்துக்காட்டாக, பூங்காப் பராமரிப்புக்குச் சென்ற ஆண்டு 20 லட்சம் என்று அறிவித்து, திருத்திய மதிப்பீட்டில் 8 லட்சமாகக் குறைத்து, கடைசியில் 3 லட்சம் மட்டும் செலவழித்திருந்தால், இந்த ஆண்டு 25 லட்சம் என்ற அறிவிப்பை எப்படி நம்புவது? மீதி 17 லட்சம் எங்கே திருப்பப்பட்டது என்பதுதான் மன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நகராட்சியின் பணம் எல்லாம் ஒரே பெட்டியில் இல்லை. பொது வருவாய்க்கு ஒரு கணக்கு, குடிநீர் மற்றும் வடிகாலுக்கு ஒரு கணக்கு, தொடக்கக் கல்விக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைத்திருப்பார்கள். தண்ணீர்க் கட்டணமாக வந்த பணம் குழாய்ப் பராமரிப்புக்கே போகிறதா, கல்வி நிதி நகராட்சிப் பள்ளியின் கழிப்பறைக்கு வருகிறதா, வங்கியில் அப்படியே உறங்குகிறதா என்று தனித்தனியாகப் பார்க்க முடியும். பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் இந்தக் கல்வி நிதிக் கணக்கை ஒருமுறையாவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

வரியைப் பொறுத்தவரை, 2022 ஏப்ரலில் வந்த உயர்வு பலருக்கும் நினைவிருக்கும். 600 சதுர அடிக்குள் உள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், பெரிய வீடுகளுக்கு 100 சதவீதம், சென்னையின் பழைய பகுதிகளில் அதிகபட்சம் 150 சதவீதம். பதினைந்தாவது நிதிக் குழுவின் மானியம் வேண்டுமானால் சொத்து வரியின் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவித்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதற்குப் பின்னணியில் இருந்தது. 2024-ல் மேலும் 6 சதவீதம் உயர்ந்தது. வரியே கூடாது என்று போராடுவதைவிட, கூடுதலாக வந்த தொகை எந்தத் தலைப்பில் செலவாகிறது என்று விடாமல் கேட்பது ஊருக்கு அதிகம் பயன்படும். வீட்டின் பரப்பளவைத் தவறாகக் கணக்கிட்டிருந்தால் விஷயம் வேறு. நோட்டீஸில் சொல்லியிருக்கும் கெடுவுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபனை கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும்.

பணம் ஒதுக்கியாகிவிட்டது, வேலையும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் கண் கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். சாலையையே எடுத்துக்கொள்ளலாம். பழைய சாலையின் மேலேயே புதிது புதிதாகப் போட்டு, இருபது ஆண்டுகளில் சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிப்போன தெருக்கள் இல்லாத நகரம் தமிழ்நாட்டில் இல்லை. மழை வந்தால் தெருவின் தண்ணீர் சமையலறைக்குள் வருகிறது. தரையை உயர்த்தக் காசு இல்லாத வீடுகள்தான் இதில் அதிகம் அவதிப்படுகின்றன. இதைத் தடுக்க, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். சுரண்டுவதற்கும் செலவு உண்டு. வேலையின் மதிப்பீட்டில் அந்தச் செலவு சேர்க்கப்பட்டிருக்கிறதா, சேர்க்கப்பட்டிருந்தால் தெருவில் உண்மையில் சுரண்டினார்களா என்பதைத் தெருக்காரர்கள் பார்த்துக்கொண்டால் போதும். இயந்திரம் வராமலே ஜல்லி வந்து இறங்கினால், அன்றைக்கே புகைப்படத்தோடு மனு போக வேண்டும். தார் காய்ந்த பிறகு கொடுக்கும் மனுவுக்கு வலு குறைவு.

மதிப்பீட்டை எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 பதில் வைத்திருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்துக்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. "எங்கள் தெருவில் சாலை ஏன் மோசம்?" என்று கேட்டால் பதில் வராது; அந்தச் சட்டம் ஆவணங்களைக் கொடுக்கச் சொல்கிறதே தவிர விளக்கம் எழுதச் சொல்லவில்லை. "இன்ன தெருவின் சாலைப் பணிக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய விவரம் ஆகியவற்றின் நகல் தேவை" என்று கேட்க வேண்டும். இந்த அளவுப் புத்தகத்தை அலுவலகத்தில் 'எம்-புக்' என்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று பொறியாளர் அளந்து கையெழுத்திட்ட புத்தகம் அது. பட்டியல் தொகை வழங்கப்படுவது அதை வைத்துத்தான்.

30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பயன் தரவில்லை என்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமின்றித் தகவலை மறுக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

முறைகேடு நடந்தது என்பதற்குக் காகிதம் கிடைத்துவிட்டால், செல்ல வேண்டிய இடம் உள்ளாட்சி முறைமன்ற நடுவம். 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தால் உள்ளாட்சி அமைப்புகளுக்காகவே ஏற்படுத்தப்பட்ட விசாரணை அமைப்பு அது. கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை மனுவையும் 1100 என்ற எண்ணையும் அறிந்த அளவுக்கு மக்கள் இந்த நடுவத்தை அறியவில்லை. சின்னக் குறைகளுக்கு அந்த இரண்டும் போதும். பணம் போன இடம் சரியில்லை என்றால் நடுவம். இதோடு உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஒவ்வொரு நகராட்சியின் கணக்கையும் தணிக்கை செய்து எழுப்பும் ஆட்சேபனைகளையும் தகவல் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். பல நேரங்களில், மக்கள் சந்தேகப்பட்ட வேலையின் மீது தணிக்கையாளரும் ஏற்கெனவே சிவப்பு மையில் கேள்வி எழுப்பியிருப்பார்.

மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் 'பின்னேற்பு' என்ற சொல் அடிக்கடி வந்தால் சற்று விழித்துக்கொள்ள வேண்டும். வேலையை முடித்துவிட்டு, அதற்குப் பிறகு மன்றத்தின் அனுமதியைக் கேட்பது என்று பொருள். வெள்ளக் காலத்தில் மோட்டார் வாடகைக்கு எடுத்ததற்கு அது நியாயம். நான்கு மாதம் முன்பே தெரிந்த வேலைக்கு அது வந்தால், கவுன்சிலரிடம் காரணம் கேட்பது வாக்காளரின் வேலை.

மக்களே முன்னுரிமையைத் தீர்மானித்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியே நல்ல சாட்சிகள் உண்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-ல் பட்ஜெட்டை மக்கள் கூட்டங்களுக்குக் கொண்டுபோனது. குடிசைப் பகுதி மக்கள் கேட்டது குடிநீரையும் கழிவுநீர்க் குழாயையும். 1988-ல் 75 சதவீத வீடுகளுக்கு இருந்த அந்த இணைப்புகள் 1997-ல் 98 சதவீதத்தை எட்டின. கேரளம் 1996-ல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. புனே மாநகராட்சி 2006 முதல், அடுத்த பட்ஜெட்டில் தங்கள் பகுதிக்கு வேண்டிய வேலைகளைக் குடிமக்களிடமே படிவம் கொடுத்துக் கேட்கிறது. தமிழ்நாட்டிலும் 1997-ல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டம், மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் என்று ஒரு வழியைத் திறந்தது. ஆனால் அந்த ஒரு பங்கைத் திரட்ட முடிந்த தெருக்களுக்கே அது எளிது. தினக்கூலி வாங்கும் குடும்பங்கள் நிறைந்த தெருவுக்குப் பகுதி சபையின் தீர்மானம்தான் ஒரே வழி. அந்தத் தெருவிலிருந்து டிசம்பர் 10 காலையில் நான்கு பெண்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்தால், அந்த அரை நாள் கூலி அவர்கள் ஊருக்குக் கட்டும் இன்னொரு வரி.

அப்படிக் கேட்டு வாங்கிய வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, தகவல் சட்டத்தின் இரண்டாவது பிரிவில் அதிகம் பயன்படாத ஓர் உரிமையும் இருக்கிறது. ஆவணங்களைப் பார்ப்பதோடு, நடக்கும் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் எந்தக் குடிமகனும் கேட்கலாம். வடிகால் கட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த மனுவைக் கொடுத்தால், கான்கிரீட்டில் எவ்வளவு சிமென்ட், எவ்வளவு எம்-சாண்ட் என்ற கேள்விக்கு ஒரு பிடி மாதிரியே பதில் சொல்லிவிடும்.