அக்கராயன் குளத்தில் தூண்டில்: அன்றும் இன்றும்

கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது அக்கராயன் குளம். அதைப் பற்றிய பேச்செல்லாம் துருசு, வான், வாய்க்கால், சிறுபோகம் என்றே போகும். அலைகரையில் தூண்டிலோடு குந்தியிருப்பவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அவர் கையிலுள்ள தூண்டில் மாறிய விதத்தில் குளம் மாறிய கதையும் இருக்கிறது.

அன்று தூண்டில் வீட்டில் கட்டும் பொருள். காசு கொடுத்து வாங்குவது முள் மட்டும். தடியைக் காடு தரும். பழைய முள்ளுக்குக் காது இராது. தண்டின் தலை தட்டையாக இருக்கும். பருத்தி நூலைத் தண்டோடு நெருக்கிச் சுற்றி, அந்தத் தட்டையில் தடுத்து இறுக்க வேண்டும். ஈரத்தில் ஊறிய நூல் விரைவில் இற்றுவிடும் என்பதால் கட்டும் வேலை ஓயாது. வன்னியில் மயிலுக்குப் பஞ்சமில்லை. உதிர்ந்த இறகின் காம்பே நல்ல மிதப்பு. உள்ளே வெண்சோறு நிறைந்த அந்தக் காம்பு, சின்ன மீன் இரையைத் தொட்டாலும் ஆடிக் காட்டும்.

இங்கிலாந்துத் தூண்டில்காரரும் மயிற்காம்பை மிதப்பாக்கினர். ட்ரவுட் மீனுக்கு அவர்கள் இன்னொரு வித்தையும் வைத்திருந்தனர்: முள்ளைச் செயற்கை ஈயாக மாற்றி, பின்புறத்தில் சேவல் கழுத்திறகின் விறைத்த இழைகளை வாலாகக் கட்டுவது. முள்ளின் பாரத்தை நீர்மேல் தாங்க அந்த வாலும் உதவும். மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறை பற்றி ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட் 1886இல் தனி நூலே எழுதினார். அந்தப் பத்தாண்டில்தான் ட்ரவுட் முட்டைகள் நுவரெலியா மலைகளுக்கு வந்தன. துரைமாரின் அந்தப் பொழுதுபோக்கு மலையை விட்டு இறங்கவில்லை. வன்னியில் தூண்டில் கறிக்கானது. விராலுக்கு உயிர்த் தவளையே இரை.

பெரிய மாற்றம் 1950களில் வந்தது. 1952இல் திலாப்பியா இலங்கை நீர்நிலைகளுக்குக் கொண்டுவரப்பட்டது. அதே பத்தாண்டில் நைலோன் நூலும் வந்தது. பாசியையும் அடிமண் கழிவையும் மேயும் திலாப்பியா, விராலைப் போல இரையைத் துரத்திப் பாய்வதில்லை. அதை அள்ள வலையே வசதி. இற்றுப்போகாத நைலோன் அந்த வலையை மலிவாக்கியது. ஒரு மீனும் ஒரு நூலும் சேர்ந்து தூண்டிலை ஓரத்துக்குத் தள்ளின.

பிறகு போர். 1996இல் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் கைக்குப் போனபோது அக்கராயனும் ஸ்கந்தபுரமும் இடம்பெயர்ந்தோரால் நிறைந்தன. 2008இல் அக்கராயன் மக்களே ஊரைவிட்டுப் போனார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பின் குளத்து மீன்பிடி சங்கம், மீன்குஞ்சு விடுதல், வலைக்கண் அளவு என்று ஒழுங்குக்குள் வந்தது. இழுத்துப் பிடித்தால் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள வலையை நன்னீரில் போடக் கூடாது. தங்கூசி எனப்படும் ஒற்றை இழை நைலோன் வலைக்கு 2006 முதல் தடை.

இன்று தூண்டில் திரும்பி வந்திருக்கிறது, வேறு வடிவத்தில். சுருள் பூட்டிய ஃபைபர் தடி, பின்னல் நூல், றப்பர் தவளை. தவளையின் உடல் உள்ளே வெறுமையானது, அதனால் மிதக்கும். இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டி நிற்பதால் தாமரை இலையில் சிக்காது. பின்னால் துடிக்கும் றப்பர் இழைகள் காலாகத் தெரிந்து விராலை ஏமாற்றும். அந்த இழை அறுந்தால் புதியதைக் கட்டிக்கொள்ளலாம். மலையை விட்டு இறங்காத வால் கட்டும் வித்தை இந்த வழியாக வன்னிக்கும் வந்துவிட்டது.

அன்று தூண்டில் கட்ட மெனக்கெட்டவர் நாலு மீனோடு எழும்பிப் போவார். இன்றைய கடைத் தூண்டில் அப்படி மட்டு வைக்காது. விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். செந்நிறக் குஞ்சுக்கூட்டம் நீர்மேல் குமிழியிடும் இடத்தில் தவளையை எறிந்தால், பசியில்லாத தாய் தகப்பனும் காவலுக்காகப் பாயும். அவற்றைத் தூக்கினால் குஞ்சுகள் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரை. தூண்டில் எறியும் தம்பிமாரே, குஞ்சு தெரியும் இடத்தில் எறியாதீர்கள். அறுந்த நூலைக் குளத்தில் விடாமல் சுருட்டிக்கொண்டு வாருங்கள்.