13 மூட்டை உப்பை எப்படி அடுக்குவது? கணக்கைத் தமிழில் சொல்வதில் இருக்கும் சிக்கல்!

திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் இருக்கிறது கிளியனூர். அங்கிருந்து வடகிழக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். அங்கே மூட்டை அடுக்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். 12 மூட்டை என்றால் 3 வரிசையில் நாலு நாலாக வைக்கலாம், 2 வரிசையில் ஆறு ஆறாகவும் வைக்கலாம். 13 மூட்டை என்றால்? ஒரே வரிசையாக நீட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த 13-தான் பகா எண்.

இவ்வளவு எளிதான விஷயம் கலைக்களஞ்சியத்துக்குள் போனதும், ‘1-ஐவிடப் பெரியதும், 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எந்த மிகை முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாததுமான எண்’ என்று ஆகிவிடுகிறது. படிக்கிற பிள்ளை பாதியிலேயே செல்போனை வைத்துவிடும்.

எழுதியவரைக் குறை சொல்லவும் முடியாது. ‘1-ஐவிடப் பெரிய’ என்பதை வெட்டிவிட்டால் 1-ம் பகா எண்ணாகிவிடும். ஆனால் என்ன என்கிறீர்களா? 12-ஐப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 2 × 3 என்று ஒரே விதமாகத்தான் வரும். எண் கணிதத்தின் அஸ்திவாரமே இதுதான். 1-ஐயும் சேர்த்தால் 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று முடிவில்லாமல் போகும்.

இந்தச் சங்கடம் தமிழுக்குப் புதிதல்ல. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். கர்நாடக இசைப் பாடல்களால் அறியப்படும் அதே தூரன்தான். கல்லூரியில் அவர் படித்தது கணிதம்! பகத்சிங் தூக்கிலிடப்பட்டதை எதிர்த்துப் பட்டத் தேர்வையே எழுதாமல் விட்டவர். பெரியவர்களுக்கான தொகுதிகள் முடிந்த கையோடு, குழந்தைகளுக்கென்று தனியாக 10 தொகுதிகள், 1968 முதல் 1976 வரை. ஒரே வாசலில் எல்லோரையும் நுழைக்காமல் இரண்டு வாசல் வைத்தார்கள்.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரே வாசல்தான். பத்தாம் வகுப்பு மாணவியும் கல்லூரிப் பேராசிரியரும் அதே பக்கத்துக்குத்தான் வருகிறார்கள். போதாததற்குச் சொல் சிக்கல் வேறு. நம் பாடநூலில் பகா எண், இலங்கையில் முதன்மை எண். இங்கே அணி, அங்கே தாயம். இங்கே கணம், அங்கே தொடை. (நமக்குத் தொடை என்றால் வேறு ஞாபகம்தான் வரும்!) இரண்டுமே பள்ளியில் பழகிய சொற்கள். ஒன்றைத் தூக்கிவிட்டால் ஒரு நாட்டுப் பிள்ளைகள் தேடி ஏமாந்துபோவார்கள். இரண்டையும் முதல் வரியிலேயே போடுவதுதான் நியாயம்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஓர் அறிவுரை உண்டு. வாசகர் எந்தப் படியில் இருப்பார் என்று நினைக்கிறீர்களோ, அதற்கு ஒரு படி கீழே இறங்கி எழுதுங்கள் என்பதே அது. பிளஸ் ஒன்னில் வரும் வகைக்கெழுவை அப்படி எழுதிப் பார்க்கலாம். உப்புப் பாத்தியில் தண்ணீர் காலையில் மெதுவாகக் குறைகிறது, உச்சி வெயிலில் வேகமாகக் குறைகிறது. சரியாக 12 மணிக்கு எந்த வேகத்தில் குறைகிறது? அந்த விடைதான் வகைக்கெழு. இலக்கணமும் குறியீடுகளும் அதற்கு அப்புறம் வரட்டும். தண்ணீர் குறைவதால் விடை மைனஸில் வரும். அதை அடுத்த வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.