எரிபொருள் வெப்பநிலை உணரிப் பழுது கண்டறிதல்

எரிபொருள் வெப்பநிலை உணரி என்பது எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளின் வெப்பநிலையை அளந்து, மின்னணுக் கட்டுப்பாட்டகத்துக்குத் தெரிவிக்கும் சிறு கருவியாகும். மெக்கானிக்குகள் இதை பியூயல் டெம்பரேச்சர் சென்சார் என்பர். காமன் ரயில் டீசல் கார்களில் இது பெரும்பாலும் உயரழுத்தப் பம்பிலோ, டீசல் பில்டரிலோ, டாங்கிக்குத் திரும்பும் குழாயிலோ இருக்கும். சில மாடல்களில் பம்புடன் இணைந்தே வருவதால், பழுதைத் தவறாகக் கணித்தால் ஓர் ஒயரைச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் பம்பையே மாற்றும் செலவு நேரிடும்.

தேவை

டீசல் சூடாகும்போது விரிவடைந்து அடர்த்தி குறைகிறது. வெப்பநிலை 10 °செ உயர்ந்தால் அதன் கன அளவு ஏறத்தாழ 0.8 விழுக்காடு கூடும். ஆகவே 30 °செ வெப்பநிலையில் செலுத்தும் அதே அளவு டீசலை 70 °செ வெப்பநிலையில் செலுத்தினால், எடையில் சுமார் 3 விழுக்காடு குறையும். கட்டுப்பாட்டகம் இதைக் கணக்கிட்டு இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை மாற்றுகிறது. மேலும், மிகச் சூடான டீசல் நீர்த்துப்போய் பம்புக்கு வேண்டிய மசகுத்தன்மையை இழக்கும். அதனால் வெப்பநிலை ஓர் எல்லையைத் தாண்டினால் பல கார்களில் எஞ்சின் திறன் தானாகவே குறைக்கப்படுகிறது.

சமவெளி வெயிலும் உண்மையான சூடும்

சேலம், நாமக்கல் சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 °செ அளவை நெருங்குவதுண்டு. காமன் ரயில் அமைப்பில் அழுத்தப்பட்ட டீசலின் ஒரு பகுதி சூடாகவே டாங்கிக்குத் திரும்புகிறது. டாங்கியில் டீசல் குறைவாக இருந்தால், அதே டீசல் அடிக்கடி சுற்றி வந்து விரைவில் சூடேறும். தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக நண்பகலில் குறைந்த டீசலுடன் செல்லும் கார் இழுவை குறைந்தால், உணரி உண்மையையே சொல்லியிருக்கவும் கூடும். எனவே டீசல் உண்மையிலேயே சூடா, அல்லது உணரி தவறாகக் காட்டுகிறதா என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும்.

செயற்படும் முறை

இவ்வுணரி சூடேறும்போது மின்தடை குறையும் தெர்மிஸ்டர் வகையைச் சேர்ந்தது. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் தோராய அளவுகள் பின்வருமாறு:

0 °செ: 5,900 ஓம்
20 °செ: 2,500 ஓம்
40 °செ: 1,200 ஓம்
80 °செ: 320 ஓம்

மாடலுக்கு மாடல் இவை மாறுபடும். அந்தந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

பழுதுக் குறியீடுகள்

பி0181: அளவீடு பொருத்தமற்றது
பி0182: சிக்னல் மின்னழுத்தம் மிகக் குறைவு (பெரும்பாலும் ஷார்ட்)
பி0183: சிக்னல் மின்னழுத்தம் மிக அதிகம் (பெரும்பாலும் ஒயர் அறுந்த நிலை)
பி0184: விட்டு விட்டு வரும் பழுது

இக்குறியீடுகள் உணரி, ஒயர், கப்ளர், கட்டுப்பாட்டகம் ஆகியவை சேர்ந்த மின்சுற்றைக் குறிக்கின்றன. உணரிதான் பழுது என்று இவை சொல்வதில்லை.

சோதிக்கும் வரிசை

1. இரவு முழுதும் நின்ற காரில், காலையில் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் பார்க்க வேண்டும். எரிபொருள், கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று ஆகிய மூன்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். எரிபொருள் மட்டும் பெரிதும் விலகியிருந்தால் அந்த மின்சுற்றில் ஐயம் கொள்ளலாம்.

2. சாவியை ஆஃப் செய்து கப்ளரைக் கழற்றி, பின்களில் பச்சைக் களிம்பு, தளர்வு, எலி கடித்த ஒயர் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

3. மல்டிமீட்டரால் உணரியின் மின்தடையை அளந்து கையேட்டு அளவோடு ஒப்பிட வேண்டும்.

4. கப்ளர் கழன்ற நிலையில் சாவியை ஆன் செய்தால், ஒயர் பக்கத்து இரு முனைகளுக்கிடையே பொதுவாக 5 வோல்ட்டு அளவில் மின்னழுத்தம் இருக்க வேண்டும். இல்லையெனில் பழுது ஒயரிலோ கட்டுப்பாட்டகத்திலோ உள்ளது. உணரியை மாற்றிப் பயனில்லை.

5. விட்டு விட்டு வரும் பழுதானால், எஞ்சின் ஓடும்போது ஒயரை மெல்ல அசைத்து ஸ்கேனரில் அளவீடு தாவுகிறதா எனக் கவனிக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓட்டத்தில் மிகையான வெப்பம் காட்டினால், டீசல் உண்மையிலேயே சூடாகிறது எனக் கொள்ளலாம். தேய்ந்த இன்ஜெக்டர்களிலிருந்து அளவுக்கு மீறித் திரும்பும் டீசல், அடைபட்ட எரிபொருள் கூலர் ஆகியவற்றை அடுத்துச் சோதிக்க வேண்டும்.

எச்சரிக்கை

காமன் ரயில் குழாய்களில் அழுத்தம் 1,000 பார் அளவுக்கும் மேல் செல்லும். அதில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். எஞ்சின் ஓடும்போது எந்தக் குழாயையும் தளர்த்தக் கூடாது. கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. பழுது நீங்கியபின் குறியீட்டை அழித்து, காரை ஓட்டிப் பார்த்து, அது மீண்டும் வராததை உறுதி செய்தால்தான் வேலை முடிந்ததாகும்.