சவர்க்கார நீரும் தாக்க வேகமும்

பதுளைத் தோட்டங்களின் பீலிக்கரையில் நாள்தோறும் துணி துவைக்கப்படுகின்றது. சவர்க்காரம் அழுக்கை அகற்றும் என்பது சிறுவரும் அறிந்ததே. அவ்வழுக்குடன் ஒட்டிய நஞ்சையும் அது அழிக்கின்றதா? வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் மரக்கறிப் பயிருக்குப் பூச்சிகொல்லி தெளித்து மீள்வோரின் இல்லங்களில் இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று.

சவர்க்கார மூலக்கூற்றுக்கு நீரை நாடும் தலையும் நீரை வெறுக்கும் நீண்ட வாலும் உண்டு. நீரில் அதன் செறிவு ஓர் எல்லையைக் கடந்ததும், வால்கள் உள்ளடங்கத் தலைகள் வெளித்தோன்ற, மூலக்கூறுகள் உருண்டையாகத் திரளும். மைசெல் எனப்படும் இத்திரள்களைப் பற்றி மக்பெயின் 1913இல் கூறியபோது அறிஞர் பலர் எளிதில் நம்பினாரல்லர். சோடியம் டொடெசைல் சல்பேற்றுக்கு அவ்வெல்லை லீற்றருக்கு ஏறத்தாழ 0.008 மூல், ஒரு திரளில் அறுபது மூலக்கூறு வரை அடங்கும்.

புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தாகிய கிரிஸ்டல் வயலட், காரநீரில் ஐதரொட்சைட்டு அயனோடு சேர்ந்து மெல்ல நிறமிழக்கும். டைன்ஸ்டியும் குரூன்வால்டும் 1959இல் இத்தாக்கத்தை மைசெல்களின் முன்னிலையில் அளந்தனர். நேரேற்றத் தலையுடைய மைசெல்கள் தாக்கத்தை விரைவாக்கின. மறையேற்றத் தலையுடையவையோ அதனைத் தாமதப்படுத்தின. சாயம் இருவகைத் திரளிலும் ஒட்டிக்கொள்ளும். ஆயின் மறையேற்ற ஐதரொட்சைட்டை முன்னது தன்பால் ஈர்க்கும், பின்னது விலக்கும். ஒருங்கே கூடியவை விரைந்து தாக்குறும், பிரிக்கப்பட்டவை காத்துக்கிடக்கும். நேரேற்றத் திரள்களையும் அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தால், இருபொருளும் பல திரள்களிற் சிதறி வேகம் மீண்டும் தணியும் என்பதையும் மறத்தலாகாது.

துணிச் சவர்க்காரத்தின் தலை மறையேற்றமுடையது. கிருமிநீக்கிகளிற் சேரும் செற்றிமைட்டின் தலை நேரேற்றமுடையது. அதனாலேயே இவ்விரண்டும் கலந்தால் ஒன்றையொன்று பயனிழக்கச் செய்கின்றன.

பூச்சிகொல்லிகள் பலவற்றை ஒத்த அமைப்புடைய ஒரு பொசுபேற்று எசுத்தரைப் பன்டனும் ரொபின்சனும் 1969இல் ஆராய்ந்தனர். அங்கும் நேரேற்ற மைசெல்கள் காரத்தால் நிகழும் சிதைவை விரைவாக்கின, மறையேற்றத்தவை தடுத்தன. இதனாற் பெறப்படுவது யாது? சவர்க்காரம் இத்தகைய நஞ்சைத் துணியினின்று பெயர்த்துத் தன் திரளுள் ஏற்றுக்கொள்கின்றது; ஆனால் அதனைச் சிதைக்கவல்ல காரத்தை அத்திரளே அணுகவிடாது விலக்குகின்றது. துணி தூய்மையாகின்றது, நஞ்சோ கழுவிய நீருடன் பெரும்பாலும் சிதையாமலே ஓடுகின்றது. தெளிப்பு உடையைக் குழந்தைகளின் உடையோடு சேர்க்காது தனியே துவைத்து, அந்நீரைக் குடிநீர் எடுக்கும் ஓடையின் பக்கம் விடாது தடுத்தல் வேண்டும் என்பது இதுபற்றியே.