துஷ்டர்களின் ஜாதகம் – 9: ஒற்றைக்கால் சமையற்காரன்

கடற்கொள்ளைக்காரன் கருந்தாடி எட்வர்ட் டீச் தொப்பிக்கடியில் திரிகளைப் புகையவிட்டுக்கொண்டு சண்டைக்கு வந்ததையும், 1718 நவம்பரில் ஒக்ரகோக் தீவருகே மாண்டதையும் சென்ற வாரம் சொல்லியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளவும். இந்த வாரம் 'பீட்டர் பான்' நாடகத்துக் காப்டன் ஹூக்கைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் ஹூக்கின் குலமரபைத் தேடிப் போன வழியில் எடின்பரோ ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று எதிர்ப்பட்டது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கட்டிலில் கிடந்தவர் வில்லியம் எர்னஸ்ட் ஹென்லி என்ற கவி. எலும்பைப் பற்றிய க்ஷயரோகத்தால் இளமையிலேயே இடக்காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்து, மற்றக் காலையும் வெட்டியே தீரவேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லிவிட, கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் நூதன சிகிச்சையைப் புகுத்திய ஜோசப் லிஸ்டரைத் தேடி 1873-ல் எடின்பரோவுக்கு வந்து, மாதக்கணக்கில் படுத்துக்கிடந்து, மிஞ்சிய காலோடுதான் வெளியேறுவேன் என்று சாதித்த பிடிவாதக்காரர் அவர். 1875-ல் அவரைப் பார்க்க ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனைக் கூட்டிப்போனவர் லெஸ்லி ஸ்டீபன் என்ற பத்திராதிபர். பிற்காலத்தில் வர்ஜீனியா வுல்ஃபுக்குத் தகப்பனாரானவர் இவர்தான் என்பது நம் விஷயத்துக்குச் சம்பந்தமில்லாததாயினும் சொல்லாமலிருக்க முடியவில்லை. செந்தாடியும், அகன்ற தோளும், அறை அதிரும் சிரிப்பும், அக்குளில் ஊன்றுகோலுமாக அட்டகாசம் செய்த ஹென்லி, அன்று முதல் ஸ்டீவன்ஸனுக்கு ஆப்த சிநேகிதரானார்.

1881-ம் வருஷத்துக் கோடையில் ஸ்காட்லாந்தின் பிரேமாரில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, மனைவியின் முதல் மணத்துப் பிள்ளையான லாயிடுடன் உட்கார்ந்து ஸ்டீவன்ஸன் வர்ணம் தீட்டிய ஒரு தீவின் படத்திலிருந்து 'புதையல் தீவு' முளைத்தது. நாளுக்கோர் அத்தியாயமாக எழுதி வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார். கலங்கரை விளக்கம் கட்டும் எஞ்சினீயரான அவருடைய தந்தையோ, கதையில் வரும் பில்லி போன்ஸின் பெட்டியில் என்னென்ன சாமான் இருந்தன என்று ஜாபிதா போட்டுக் கொடுக்கும் அளவுக்குக் குழந்தையாகிவிட்டார். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் எழுதுவதற்கே அச்சுக்கூடத்துப் பையனை வாசலில் காக்கவைக்கும் என் போன்றவர்களுக்கு இது பொறாமையளிக்கும் செய்தி. ஆனால் பதினாறாவது அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே அவருக்கும் சரக்குத் தீர்ந்து, ஸ்விட்ஸர்லாந்தின் டாவோஸுக்குப் போன பிறகுதான் கதை மறுபடி நகர்ந்தது என்பதில் எனக்கு ஓர் அற்ப திருப்தி.

அந்தக் கதையின் ஒற்றைக்கால் சமையற்காரனும் கொள்ளையனுமான ஜான் ஸில்வரைச் சிருஷ்டித்த ரகசியத்தை ஸ்டீவன்ஸன் பின்னாளில் தாமே வெளியிட்டிருக்கிறார். தாம் போற்றிய நண்பர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவரிடமிருந்த மேலான குணங்களையெல்லாம் களைந்துவிட்டு, பலம், தைரியம், சுறுசுறுப்பு, கலகலப்பு ஆகியவற்றை மட்டும் மிச்சம் வைத்து, அந்த மிச்சத்தை முரட்டு மாலுமிகளிடையே விட்டாராம். அந்த நண்பர் ஹென்லியே என்பதை 1883-ல் அவருக்கே கடிதத்தில் ஒப்புக்கொண்டுமிருக்கிறார். கற்பனை ராஜ்யத்துக்குக் கொள்ளையனை உண்டாக்க விரும்பும் இக்காலத்து எழுத்தாளர்கள் தழும்பையும், கண்மறைப்பையும், கபாலக் கொடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஸ்டீவன்ஸன் செய்ததோ கழித்தல் கணக்கு. விளைவைப் பாருங்கள்: ஸில்வர் பிரிஸ்டலில் சுத்தமாகச் சாராயக் கடை நடத்துகிறான், கொள்ளைப் பணத்தைச் சூதிலும் குடியிலும் தொலைக்காமல் பாங்கியில் போடுகிறான், ஊரில் இல்லாதபோது மனைவியை நம்பிக் கடையை ஒப்படைக்கிறான். பெண் கொடுக்கலாம் போன்ற ஆசாமி!

இந்த ஆசாமிதான் தீவின் சதுப்பருகே டாம் என்ற மாலுமியிடம், வெயிலில் பளபளக்கும் முகத்தை உயர்த்தி, உன்மேல் எனக்குள்ள பிரியத்தால் சொல்கிறேன், எங்களோடு சேர்ந்துவிடு என்று கெஞ்சுகிறான். எஜமானருக்குத் துரோகம் செய்யமாட்டேன் என்று டாம் முதுகைக் காட்டி நடந்ததும், மரக்கிளையொன்றைப் பிடித்துக்கொண்டு ஊன்றுகோலை உருவி எறிகிறான். அது நடுமுதுகில் பாய்ந்து அவனைச் சாய்க்கிறது. ஒற்றைக்காலால் குரங்குபோல் தாவி அவன்மேல் விழுந்து, கத்தியை இருமுறை பிடிவரை இறக்கிவிட்டு, ஒரு புல் கற்றையால் அதைத் துடைத்துக்கொள்கிறான். கோபத்தின் அடையாளமே அவனிடம் இல்லை. கெஞ்சிய நாவுக்கும் கொன்ற கைக்கும் இடையில் அவன் மனத்தில் எந்த மாற்றமும் நிகழவில்லை என்பதுதான், புதரில் ஒளிந்து பார்க்கும் சிறுவன் ஜிம்மை மூர்ச்சைக்குக் கொண்டுபோகிறது. புகைந்த தாடியோடு வந்த டீச்சைக் கண்டால் ஓடிப் பிழைக்கலாம். தோளில் கைபோட்டுப் பேசுகிறவனைவிட்டு எப்படி ஓடுவது?

இடம் தீர்ந்துகொண்டு வருகிறது. ஹென்லி வீட்டைவிட்டு இன்னும் வெளியேறியபாடில்லை. அவருடைய சின்னஞ்சிறு மகள் மார்கரெட், குடும்ப நண்பரான ஜே. எம். பாரியை மழலையில் அழைத்த விதத்திலிருந்து பிறந்ததுதான் 'பீட்டர் பான்' நாடகத்தின் வெண்டி என்ற பெயர். குழந்தை 1894-ல் ஐந்து வயதிலேயே இறந்துபோனாள், நாடகம் மேடையேறியது 1904-ல். தந்தையிடமிருந்து ஸில்வர், மகளிடமிருந்து வெண்டி! அந்த வெண்டியைக் கவர்ந்து போகிற ஹூக்கை, ஸில்வர் அஞ்சிய ஒரே மனிதன் என்று பாரி வர்ணித்திருப்பது சக எழுத்தாளருக்குச் செய்த நமஸ்காரமா, வம்பா என்பதையும், மேடையில் காட்சி மாற்றும் ஆட்களுக்கு அவகாசம் கொடுப்பதற்காகவே ஹூக் உண்டாக்கப்பட்டான் என்று பாரியின் சரித்திரக்காரர்கள் கூறுவதையும் அடுத்த வாரம் கட்டாயம் பார்ப்போம்.