செலவின்றி விளைபொருளைப் பலரறியச் செய்யும் வகை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மணிலாப் பயிரிடும் மிராசுதார்களிற் சிலர், காயை மூட்டையாக விற்றுவிடாமல், செக்கிலிட்டு ஆட்டி எண்ணெயாக விற்கத் தலைப்பட்டிருக்கின்றனர். வேறு சிலர் கேழ்வரகு மாவு, வரகரிசி முதலியன தயாரிக்கின்றனர். சரக்கு நல்லதாயிருந்தும், அஃது இன்ன கிராமத்திற் கிடைக்கும் என்ற செய்தி பத்து மைலுக்கு அப்பாலுள்ளார்க்குத் தெரியாமையால், தரகர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட நேருகிறது. கட்டணம் செலுத்தி விளம்பரம் செய்வது சிறு உற்பத்தியாளருக்கு இயலாத காரியம். ஆயினும் பத்திரிகையும் வானொலியும் காசு பெறாமலே வெளியிடுவது ஒன்றுண்டு, அது செய்தி. செய்தி வேறு, விளம்பரம் வேறு என்று அறிந்தவருக்கு இவ்வழி அத்துணைக் கடினமன்று.

தஞ்சை ஜில்லாவில் 1960-களில் ஏ.டி.டி. 27 என்னும் நெல் பரவிய விதம் இதற்கு நல்ல உதாரணம். வானொலியில் அதன் சாகுபடி முறைகள் எடுத்துரைக்கப்பட்டன. கேட்ட குடியானவர்கள் ரகத்தின் எண்ணை விட்டு, அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைக்கலாயினர். ‘வாங்குங்கள், வாங்குங்கள்’ என்று கூவியதன் பயனன்று இது. கேட்பவருக்கு உபயோகமான விஷயத்தைக் கூறியதன் பயனாகும்.

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் அவர்கள் 2006 முதல் ஆண்டுதோறும் நடத்திய நெல் திருவிழா இன்னும் தெளிவான உதாரணம். வந்த உழவருக்குப் பாரம்பரிய நெல் விதை 2 கிலோ கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெறுவது அவர் கண்ட ஏற்பாடு. அவர் 2018-இல் காலமாகும் வரையில் பத்திரிகைகள் இதனை விடாது எழுதிவந்தன. ஏன் எழுதின என்பதைக் கவனிக்க வேண்டும். நாளும் இடமும் முன்னரே குறிக்கப்பட்டிருந்தன. நேரிற் சென்றால் காண ஒரு நிகழ்ச்சி இருந்தது. இரண்டு கொடுத்து நான்கு வாங்குதல் என்ற கணக்கு ஒருமுறை கேட்டவர் மனத்தை விட்டு நீங்குவதில்லை. நிருபர் ஒருவருக்கு இவை போதும்.

நமது ஊரிலேயே ஒன்று உண்டு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் மணிலா, ஆந்திரத்திலும் கன்னடத்திலும் பல்லாண்டு பயிராயிற்று. அம்மூன்று எழுத்துக்களும் திண்டிவனத்தைக் குறிப்பன. பெயரிலேயே ஊர் இருந்தமையால் விதை சென்ற இடமெல்லாம் ஊரும் சென்றது. மல்லாட்டை எண்ணெய் விற்போர் ‘சுத்தமான எண்ணெய்’ என்று புட்டியில் எழுதுவதைக் காட்டிலும், தம் கிராமத்தின் பெயரைப் பெரிதாக எழுதுதல் மேலென்பது என் கருத்து. ‘சுத்தமானது’ என்று எழுதாதவர் யார்?

இனிப் பத்திரிகைக்கு எழுதும் முறை. கடிதம் ஒரு பக்கத்திற்கு மேற்படலாகாது. ஊர், தாலுக்கா, பொருள், நடக்கும் நாள், நிருபர் வந்தால் எதைக் காணலாம் என்பது, தொலைபேசி எண் ஆகியவை முதல் ஐந்து வரிகளுக்குள் அடங்க வேண்டும். ‘எங்கள் எண்ணெய் மிகச் சிறந்தது’ என்பது செய்தியாகாது. ‘தை அறுவடையில் ஒரு மூட்டைக் காயை உடைத்து ஆட்டியதில் இத்தனை கிலோ எண்ணெயும் இத்தனை கிலோ பிண்ணாக்கும் கிடைத்தன, காயாக விற்றிருந்தால் இவ்வளவு, எண்ணெயாக விற்றதில் ஆட்டுக்கூலி போக இவ்வளவு’ என்பது செய்தி. மற்றக் குடியானவர்களுக்கும் அது பயன்படுமாதலின் பத்திராதிபர் அதற்கு இடம் தருவார். கணக்கைத் தராசில் நிறுத்து எழுதுக; உத்தேசமாக எழுதினால் கேள்வி வந்த உடனே குட்டு வெளிப்படும். செக்கு ஓடும்போது பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றையும் உடன் அனுப்புக. பெரும் பத்திரிகைகளை மட்டுமே நாடுதல் வீண். ஜில்லாச் செய்திப் பக்கத்திற்கு எழுதும் உள்ளூர் நிருபரே முதலில் அணுகத் தக்கவர்.

ஹிந்து பத்திரிகையில் பல ஆண்டுகள் வெளிவந்த ‘விவசாயியின் குறிப்பேடு’ என்னும் பகுதியில், உழவரின் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் கட்டுரையின் அடியில் அச்சிட்டுவந்தனர். வாசகர் நேரே உழவரைக் கேட்க அவ்வரிகளே வழி. ஆகவே எண் அச்சாகுமா என்பதை முன்னரே கேட்டறிவது நலம். வானொலியில் பேச வாய்ப்புக் கிட்டினால் சரக்கைப் புகழாமல் முறையை விளக்குக.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. எண்ணெய், மாவு போன்ற உணவுப் பொருள் விற்போர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ லைசென்சோ பெற்றிருக்க வேண்டும். இச்சட்டம் விளம்பரம் என்பதற்குச் சொல்லும் பொருள் மிக விரிந்தது. புட்டியின் மேலொட்டிய சீட்டும், இணையதளத்தில் எழுதுவதும் அதனுள் அடங்கும். பொய்யான கூற்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வரகரிசி நீரிழிவை நீக்கும் என்பது போன்று விளம்பரம் செய்வது, மருந்துகள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் குற்றமாகக் கூடும். நிருபர் ஆர்வத்தால் அவ்வாறு எழுத முற்பட்டாலும் உழவர் மறுத்துவிடுதலே நன்று. மணிலாவை விதையென்று விற்போர் வேறொன்றையும் அறிக: தம் விளைச்சலிலிருந்து விதை விற்கும் உரிமையை 2001-ஆம் ஆண்டுச் சட்டம் உழவருக்கு அளிக்கிறது, ஆனால் அச்சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற ரகத்தை முத்திரையிட்ட விதையாக விற்க அது இடந்தரவில்லை.

காசு கொடுத்தால் செய்தியாகப் போடுகிறோம் என்று எவரேனும் வந்தால் அவரை அனுப்பிவிடுக. பணம் பெற்று வெளியிடுவதை விளம்பரம் என்றே குறிக்க வேண்டுமென்பது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறி.

எல்லாவற்றினும் பெரிய அபாயம் செய்தி வெளியான மறுவாரம் நேருவது. நூறு பேர் கேட்கின்றனர். கையிருப்பு இருபது லிட்டர். அவ்வேளையில் வெளிச்சந்தை எண்ணெயை வாங்கிக் கலக்கும் எண்ணம் தோன்றும். கலந்தால் அடுத்த முறை அதே பத்திரிகையில் வேறு விதமான செய்தி வரும். எனவே, மாதம் எவ்வளவு கொடுக்க இயலும் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுக. மிகுதியாகக் கேட்போர் பெயரை வரிசையாகக் குறித்துவைத்து, அடுத்த அறுவடைக்குத் தெரிவிக்கலாம்.

கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்துத் தலைவரும் இதில் உதவக் கூடும். மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திற்கு நிருபர்கள் வருவது வழக்கம். தம் கிராமத்தில் இவ்வாறு முயலும் உழவரை அவர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கலாம். கடிதம் எழுதத் தயங்குவோர், நிறுத்த கணக்குச் சீட்டுடன் திண்டிவனம் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ தம் வட்டார விரிவாக்க மையத்தையோ அணுகினால், வாசகம் அமைத்துக்கொள்ள வழி கேட்டறியலாம்.